பனிக்களத்தின் ஆசான் ஸ்காட்டி பௌமன்

கனடாவின் மான்ட்ரியலை ஒட்டிய வெர்டனில் 1933-இல் பிறந்த ஸ்காட்டி பௌமன், 1952-இல் ஐஸ் ஹாக்கி ஆட்டமொன்றில் எதிரணி வீரரின் மட்டை தலையில் பட்டுக் காயமுற்றபின் பயிற்றுநர் பணிக்குத் திரும்பினார். அடித்த ழான்-கீ டால்போ பின்னாளில் செயின்ட் லூயிஸ் அணியில் அவரிடமே ஆடினார் என்பது நெகிழ்ச்சிக்குரியது. ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் நிற்காமலேயே, ஏறத்தாழ முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை, களைத்தவர்கள் தடுப்பைத் தாண்டி வெளியேறப் புதியவர்கள் களத்தில் குதிப்பார்கள். எதிரணியின் எவருக்கு எதிரே தம்மவருள் யாரை இறக்குவது என்பதை அந்தச் சில நொடிகளில் கணிப்பதே பௌமனின் தனித்திறன். 1976-77 பருவத்தில் அவருடைய மான்ட்ரியல் கனேடியன்ஸ் 80 ஆட்டங்களில் எட்டில் மட்டுமே தோற்றது. வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீகில் வாகை சூடும் அணிக்குரிய ஸ்டான்லி கோப்பையை, மான்ட்ரியலுடன் 5, பிட்ஸ்பர்க்குடன் 1, டெட்ராய்ட்டுடன் 3 என 9 முறை அவர் வென்றார். 1997-இல், தம் 63-ஆம் வயதில், சறுக்குக் காலணி பூட்டிக்கொண்டு அக்கோப்பையை ஏந்தியபடி தாமே பனியில் வலம்வந்தார்.