குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது?

வேலையின்மையால் ஒரு குடும்பம் படும் துன்பத்தைக் கரிசல் சீமையில் வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மழை பொய்த்த ஆண்டுகள் அதனை நமக்கு நன்கு கற்பித்துள்ளன. ஆனால், வேலைக்கு வரச் சொல்லும் அழைப்பே ஒரு தாயைக் கலங்க வைத்த காலமும் நம்மிடையே வந்து சென்றது. கொரோனா நோயின் பொருட்டு நாடு முழுவதும் ஊரடங்கு நிலவிய 2020ஆம் ஆண்டுக் கோடையில், எட்டயபுரம், கோவில்பட்டி, கழுகுமலை, விளாத்திகுளம் வட்டாரங்களின் வீடுகளில் ஒரு கேள்வி எழுந்தது. “வேலைக்குப் போகத்தான் வேண்டும். குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது?”

அக்கேள்விக்கு அன்று நேரான விடை கிடைக்கவில்லை. அந்தக் காலம் கடந்துவிட்டது என்று நாம் அதனை ஒதுக்கிவிடலாகாது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் நம் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளக்காடானபோது பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. நோயோ வெள்ளமோ, இத்தகைய நாள்கள் இனியும் வரும். ஆகவே, அன்று நேர்ந்ததை அமைதியாக எண்ணிப் பார்ப்பது நம் குடும்பங்களுக்கு நலம் பயக்கும்.

வேலை அழைத்தது

2020 மார்ச் 24 அன்று தொடங்கிய ஊரடங்கினால் தீப்பெட்டி ஆலைகள், நூற்பாலைகள், கடைகள் யாவும் ஓய்ந்தன. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2020 ஏப்ரல் 30ஆம் நாளும் ஊரடங்குக் காலத்திலேயே அமைந்தது. மே 4 முதல் தமிழகத்தில் தொழில்கள் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் தொடங்க அனுமதி கிடைத்தது. படிப்படியாக ஆலைகள் திறக்கப்பட, தொழிலாளருக்கு அழைப்பு வந்தது.

‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று நம் ஊரார் வழங்கும் இவ்வாலைகளில் உழைப்போரில் பெரும்பாலோர் பெண்களே. செய்த வேலையின் அளவுக்கேற்பக் கூலி பெறுவோர் அவர்களுள் பலர். அவர்களுக்கு வேலைக்குச் செல்லாத நாள் கூலியற்ற நாள். ஒரு மாதத்துக்கு மேல் அடுப்பெரிக்கக் கடன் வாங்கிய குடும்பம், அழைப்பு வந்தபோது மறுக்கும் நிலையில் இல்லை. பேருந்துகளோ ஜூன் முதல் நாள் ஓடத் தொடங்கி, ஜூலையில் மீண்டும் நின்று, செப்டம்பரில்தான் திரும்ப ஓடின. ஆலை வேன் வராத ஊர்களிலிருந்து நடந்து செல்லும் தாய்க்கு, பிள்ளைகளைப் பிரிந்திருக்கும் நேரம் இன்னும் நீண்டது.

கதவுகள் திறக்கவில்லை

தாய்க்கு ஆலை திறந்தது; பிள்ளைக்குப் பள்ளி திறக்கவில்லை. அங்கன்வாடியும் மூடியே கிடந்தது. மே மாதத் தொடக்கத்தில் மத்திய உள்துறை வெளியிட்ட ஆணை, 65 வயதைக் கடந்தோர், நோயுற்றோர், கருவுற்ற பெண்கள், 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோர் இன்றியமையாத் தேவையும் மருத்துவத் தேவையும் தவிர்த்து வீட்டிலேயே இருக்க வேண்டுமென்றது. நோயின் தன்மையை நோக்க, அதில் பொருள் இருந்தது. ஆயினும், வீட்டிலிருக்கும் குழந்தையோடு இருக்க வேண்டியவர் யார் என்பதை அவ்வாணை கூறவில்லை.

தமிழகத்தில் பள்ளிகள் திறக்கப்பட்ட வரிசையையும் நினைவுகூர்வோம். 10, 12ஆம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்று தொடங்கின. இரண்டாம் அலையால் அவையும் மீண்டும் மூடப்பட்டு, 9 முதல் 12 வரையான வகுப்புகள் செப்டம்பர் முதல் நாள் திறக்கப்பட்டன. 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு நவம்பர் முதல் நாள்தான் மணி அடித்தது. அதாவது, தொழில்கள் தொடங்க அனுமதி கிடைத்ததற்கும் சிறு பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியதற்கும் இடையே ஏறத்தாழ 18 மாதங்கள்! தேர்வு எழுத வேண்டிய மாணவர் முதலில் அழைக்கப்பட்டனர்; தாயின் கவனிப்பு மிகுதியும் தேவைப்படும் சிறுவர் கடைசியில் நின்றனர்.

வேறு நாடுகள் இதனை வேறு விதமாகவும் நோக்கின. டென்மார்க்கு நாடு 2020 ஏப்ரல் 15 அன்று முதலில் திறந்தவை குழந்தைக் காப்பகங்களும் தொடக்க வகுப்புகளுமே. இங்கிலாந்தில் மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டபோதும், மருத்துவமனைகளிலும் இன்றியமையாப் பணிகளிலும் இருந்தோரின் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளில் இடம் வைக்கப்பட்டது. அந்நாடுகளின் வசதியும் மக்கள்தொகையும் வேறு. எனினும், பெற்றோர் வேலைக்குச் செல்ல வேண்டுமாயின் பிள்ளைக்கு ஓரிடம் வேண்டும் என்னும் எளிய உண்மையை அவை கணக்கில் கொண்டன.

சுமை யார் தோளில் விழுந்தது?

நம் வட்டாரத்தில் அக்கணக்கைத் தீர்த்து வைத்தவர்கள் இருவர். ஒருவர் பாட்டி, மற்றவர் மூத்த மகள்.

நோய் எளிதில் தாக்கும் வயதினர் என்று எவரைத் தனித்திருக்கச் சொன்னோமோ, அந்த முதியவளிடமே பேரப்பிள்ளைகள் ஒப்படைக்கப்பட்டனர். அன்பினால் அவள் மறுக்கவில்லை. பாட்டி இல்லாத வீடுகளில் பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுமி தாயின் இடத்தில் நின்றாள். தம்பிக்குச் சோறூட்டி, தங்கையை இடுப்பில் சுமந்து, குடத்தில் நீர் பிடித்து வைத்த பின், கல்வித் தொலைக்காட்சியின் பாடத்தை அவள் எப்போது கேட்பாள்? வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி இருந்தால், அதுவும் பெரும்பாலும் தந்தையோடு வெளியே சென்றுவிடும்.

இதனை நாம் சிறு செய்தியாக எண்ண இயலாது. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்தின் பழைய வரலாற்றை நம் முதியோர் அறிவர். 1970களிலும் 1980களிலும் விடியுமுன்னரே ஆலைப் பேருந்துகள் ஊர்தோறும் வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றன. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், தீப்பெட்டி, பட்டாசு ஆலைச் சிறுவரைக் குறித்து 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், ஊர்தோறும் எழுந்த பள்ளிகளும், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும் அப்பேருந்துகளிலிருந்து நம் பிள்ளைகளை இறக்கிவிட்டன. ஒரு தலைமுறையின் முயற்சியால் பெற்ற அப்பேறு, பள்ளிக் கதவு மூடியதும் ஆட்டம் கண்டது. ஐ.நா. குழந்தைகள் நிதியமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை, உலகில் 16 கோடிச் சிறுவர் உழைப்பில் சிக்கியிருப்பதாகவும், கொரோனாவின் விளைவாக அத்தொகை மேலும் பெருகலாமென்றும் எச்சரித்தது. வீட்டில் தங்கையைக் காக்கும் சிறுமி எந்தக் கணக்கேட்டிலும் தொழிலாளியாக எழுதப்படுவதில்லை. ஆயினும், அவளிடமிருந்தும் பள்ளி பறிக்கப்பட்டது.

சட்டம் அறிந்த உண்மை

குழந்தையைக் காப்பதும் வேலையே என்பதை நம் நாட்டுச் சட்டம் முன்னரே உணர்ந்திருந்தது. அந்நாளில் நடைமுறையிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலையில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டுமென்றது. ஆனால் சிறு ஆலைகளில் வேலை செய்வோருக்கும், வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டுவோருக்கும் அவ்விதி எட்டவில்லை.

இன்னும் அழகிய விதி ஒன்று 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் இடம்பெற்றிருந்தது. ‘நூறு நாள் வேலை’ நடக்கும் இடத்துக்குத் தாய்மாருடன் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ வந்தால், அப்பெண்களுள் ஒருவரைக் குழந்தைகளைக் கவனிக்க நியமித்து, அவருக்கும் கூலி வழங்க வேண்டும் என்பதே அவ்விதி. கண்மாயில் மண் வெட்டுபவளுக்குக் கூலி உண்டு; வேப்பமர நிழலில் தொட்டில் ஆட்டுபவளுக்கும் கூலி உண்டு. இரண்டும் உழைப்பே என்று சட்டம் ஏற்றுக்கொண்டது.

திருமறை காட்டும் வழி

யாத்திராகமத்தில் குழந்தை மோயீசனின் வரலாற்றை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். நாணற் கூடையில் மிதந்த தம்பியைச் சற்றுத் தொலைவில் நின்று காத்தவள் அவனுடைய தமக்கை. எகிப்து மன்னனின் மகள் அக்குழந்தையைக் கண்டெடுத்து, பெற்ற தாயிடமே பாலூட்டி வளர்க்கக் கொடுத்து, அதற்குக் கூலி தருவதாகவும் கூறினாள். தமக்கையின் காவல் சிறிது நேரமே. பின்னர் பெரியவர் ஒருவர் பொறுப்பை ஏற்றார். வசதியுள்ளவள் பொருள் கொடுத்தாள். தாய் குழந்தையுடன் இருந்தாள். அந்த ஆற்றங்கரையில் நிகழ்ந்தது, நம் கரிசல் ஊர்களிலும் நிகழலாகாதா?

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைக்கும் பெண் தன் குடும்பத்தை இழப்பாகக் கொடுத்துத் தன் உரிமையைப் பெறும் நிலை கூடாதென்றும், தாய்மையின் உழைப்பைச் சமுதாயம் மதிக்க வேண்டுமென்றும் போதித்தார். அதே ஆண்டில் குடும்பத்தைப் பற்றி எழுதியபோது, பிள்ளை வளர்ப்பு தந்தையும் பகிர வேண்டிய கடமை என்பதையும் தெளிவுபடுத்தினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 முதல் ஓராண்டைப் புனித சூசையப்பருக்கென அறிவித்ததும் இந்நோய்க் காலத்திலேயே. திருக்குழந்தையைக் கையிலேந்தி நிற்கும் சூசையப்பர் திருவுருவம் இல்லாத கோவில் நம்மிடையே அரிது. அதன்முன் மெழுகுதிரி ஏற்றும் தந்தையர், தாம் வீட்டிலிருக்கும் நாளில் குழந்தையைத் தூக்குவதற்குக் கூச வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வீட்டில். ஊரடங்கில் வேலையின்றி வீட்டிலிருந்த ஆண்கள் பலர். மனைவி ஆலைக்குச் சென்றபோது சோறாக்கிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய தந்தையரும் இருந்தனர். திண்ணையில் அமர்ந்து மகளை ஏவியவரும் இருந்தனர். எவரைப் பின்பற்றுவது என்பது சொல்லாமலே விளங்கும்.

இரண்டாவது, அன்பியத்தில். அடுத்தடுத்த நான்கைந்து வீட்டார் தமக்குள் பேசி, ஒருவர் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் மற்றவர் கவலையின்றி வேலைக்குச் செல்லலாம். நோய்க் காலத்திலும் சிறு குழுவே பாதுகாப்பானது. காப்பவருக்கு ஏனையோர் சிறு தொகை கொடுப்பது தருமம் ஆகாது. அது நியாயக் கூலி.

மூன்றாவது, பங்கில். ஞாயிறு தவிர மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கும் பங்கு மன்றங்கள் நம்மிடையே உண்டு. காற்றோட்டமான கூடம், குடிநீர், கழிப்பறை, பொறுப்பான பெரியவர் இருவர் இருந்தால் நெருக்கடிக் காலத்தில் சாதி, மத வேறுபாடின்றி ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கே இடமளிக்கலாம். ஆகஸ்டு 15 அன்று காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதாவை நாடி வரும் பெருங்கூட்டத்தை வரவேற்கத் தெரிந்த மக்களுக்கு, இருபது குழந்தைகளைப் பேணுவது இயலாத செயலன்று. ஆலை நடத்தும் நம் சகோதரரும், வேலைக்கு ஆள் அனுப்பும் நாளிலேயே, “உங்கள் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்?” என்று ஒரு சொல் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 18 மாதங்களில் வீட்டைத் தாங்கிய சிறுமியரை நாம் மறவாதிருப்போம். அவர்கள் இன்று வளர்ந்து விட்டனர். படிப்பை இடையில் விட்டவள் எவளேனும் நம் தெருவில் இருந்தால், தனித்தேர்வராக எழுதவோ தொழிற்கல்வி பயிலவோ அவளுக்கு வழிகாட்டுவது பங்கின் கடன். தம்பி தங்கையரைக் காத்து நின்றவளுக்கு நாம் செலுத்த வேண்டிய கூலி இன்னும் மீதமிருக்கிறது.