பட்டியலில் இருந்த பெயர்கள்

வேறொரு நாட்டு மக்களுக்காக ஓர் அரசு எப்படிப் பேச முடியும், அது அவர்கள் வீட்டு விவகாரம் இல்லையா என்று கேட்டாய். டீயைக் குடித்துக்கொண்டே கேள், நடந்ததைச் சொல்கிறேன்.

1970களின் சோவியத் யூனியன். யூதர் ஒருவர் இஸ்ரேலுக்குக் குடிபெயர நினைத்தால், அங்குள்ள உறவினரிடமிருந்து அழைப்புக் கடிதம் வர வேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்தில் சான்று கேட்க வேண்டும். கேட்ட கையோடு பலருக்கு வேலை போனது. வேலையில்லாமல் இருப்பதோ அங்கே குற்றம்! ‘அரசு ரகசியம் தெரிந்தவர்’ என்று காரணம் காட்டி விண்ணப்பத்தையும் தள்ளிவிடுவார்கள். போகவும் வழியில்லை, பிழைக்கவும் வழியில்லை. இப்படிச் சிக்கியவர்களுக்கு ரெஃப்யூஸ்னிக் என்று பெயர். 1972இல் இன்னொரு சுமை ஏறியது: பட்டம் பெற்றவர் வெளியேறினால் படிப்புச் செலவை அரசுக்குக் கட்ட வேண்டும்.

அமெரிக்க செனட்டர் ஹென்றி ஜாக்சனும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் சார்ல்ஸ் வானிக்கும் வணிகச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். குடிமக்களை வெளியேற விடாத கம்யூனிஸ்ட் நாட்டுக்கு வர்த்தகச் சலுகை இல்லை. 1975 ஜனவரியில் அது சட்டமானது. சத்தமில்லாமல் பேசினால்தான் காரியம் நடக்கும் என்பது வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கரின் கட்சி. மாஸ்கோவும் முறுக்கிக்கொண்டது. 1973இல் சுமார் 35,000 பேர் வெளியேறினார்கள். 1975இல் சுமார் 13,000 பேர்தான்.

அப்படியானால் கிஸ்ஸிங்கர் சொன்னதுதான் சரியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே சட்டம் இருக்கும்போதே 1979இல் 51,000 பேர் வெளியேறினார்கள். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்து, அமெரிக்க-சோவியத் உறவு கெட்ட பிறகு, 1984இல் ஆயிரம் பேர்கூட இல்லை. சட்டம் கதவைத் திறக்கவில்லைதான். ஆனால் கதவை மூடி வைப்பதற்கு ஒரு விலை உண்டு என்றாக்கியது. அந்த விலையைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது பொறுமையாகப் பேச வேண்டியிருந்தது.

சிறிய நாடுகளும் உதவின. 1967இல் மாஸ்கோ இஸ்ரேலுடன் உறவை முறித்த பிறகு, மாஸ்கோவில் இஸ்ரேலுக்கான விசாவைக் கொடுத்தது நெதர்லாந்துத் தூதரகம்தான். பலரும் மறந்துவிட்ட உதவி அது.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ், அமெரிக்க அதிபர் ரீகன் காலத்து வெளியுறவு அமைச்சர். அணு ஆயுதம் பற்றிப் பேசப் போனாலும் ரெஃப்யூஸ்னிக்குகளின் பெயர்ப் பட்டியலைக் கையோடு கொண்டுபோவார். 1987 ஏப்ரலில், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து யூதர்கள் மீண்டதை நினைவுகூரும் பாஸ்கா விருந்து மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரின் இல்லத்தில் நடந்தது. ரெஃப்யூஸ்னிக்குகள்தான் விருந்தினர்கள். ஷுல்ட்ஸ் யூதர்கள் அணியும் சிறு குல்லாயோடு அங்கே வந்தார். அவர்கள் தனியாக இல்லை என்று, கண்காணித்துக்கொண்டிருந்த அரசுக்குத் தெரியட்டுமென்றே செய்தது அது.

அவர் விடாமல் கேட்டுவந்த பெயர்களில் ஒன்று ஐடா நூடெல். 1971இல் விண்ணப்பித்தவர்; நடுவில் சைபீரியாவில் நான்கு ஆண்டு நாடுகடத்தல் தண்டனை. 1987 அக்டோபரில் அவரை விட்டார்கள். ஜெருசலேமிலிருந்து ஷுல்ட்ஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன் என்றார் நூடெல்.