எழுத்துக் கூட்டுவதிலிருந்து புரிந்து படிப்பது வரை



தமிழில் எழுத்துகள் 247. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அத்தனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கால், கொம்பு, சுழி எந்த ஒலியைத் தரும் என்று பிடிபட்டுவிட்டால், புதிய உயிர்மெய்யையும் தானே படித்துவிடும். 'ப, ட், ட, ம்' என்று விரல் வைத்துக் கூட்டி, 'பட்டம்' என்று சேர்த்துச் சொல்லும் பருவம் இது.

இரண்டாம் வகுப்பில், பழகிய சொற்களைப் பார்த்ததுமே சொல்லிவிடும். கூட்டும் சிரமம் குறையக் குறைய, பொருளில் கவனம் போகும். மூன்றாம் வகுப்பில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு படிக்கும். நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் அறிவியலையும் வரலாற்றையும் படித்துத்தான் கற்க வேண்டும்.

அதனால்தான் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், எட்டு வயதுக்குள் பிள்ளைகள் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்பதை இலக்காக வைத்தது.

பெற்றோரே, தினமும் பத்து நிமிடம் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். திக்கினால் உடனே எடுத்துக் கொடுக்காமல் சற்றுப் பொறுங்கள். முடித்ததும், 'கதையில் என்ன நடந்தது?' என்று கேளுங்கள். சொந்தச் சொற்களில் சொன்னால், பிள்ளை புரிந்துதான் படித்திருக்கிறது.