பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு

வீட்டுக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படங்கள் தயங்கித் தயங்கித் தோன்றுமாயின், புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்துதல் ஒரு பரிகாரமாகும். ஆனால் விலையை மட்டும் நோக்கி வாங்கிய கார்டு இயங்காமற் போவதுமுண்டு. சேமித்த பணம் வீணாகாதிருக்க, மின்னிணைப்பை நீக்கிப் பெட்டியைத் திறந்து மூன்று விஷயங்களை முன்னரே அறிதல் நலம்.

முதலாவது, மின்சாரம். மதர்போர்டிலுள்ள ஸ்லாட் 75 வாட் வரையே கார்டுக்கு அளிக்கும். அதற்கு மேற்பட்டதைப் பவர் சப்ளையிலிருந்து வரும் தனி ஒயரே தருதல் வேண்டும். ஆறு முனை ஒயர் மேலும் 75 வாட்டும், எட்டு முனை ஒயர் 150 வாட்டும் தரவல்லவை. இவை இல்லாத பெட்டிக்கு 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டே தக்கது.

இரண்டாவது, ஸ்லாட்டின் தலைமுறை. 2022-இல் வெளிவந்த ஆர்எக்ஸ் 6400 கார்டுக்கு 53 வாட் போதும். எனினும் அது நான்கு பாதைகளையே பயன்படுத்துவதால், மூன்றாம் தலைமுறைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் அதன் வேகம் குன்றும். 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 பதினாறு பாதைகளை உடையது. பழைய மதர்போர்டுக்கு அதுவே பொருந்தும். தனி ஒயர் வேண்டாத மாதிரியைப் பார்த்து வாங்குதல் அவசியம்.

மூன்றாவது, வேலையின் தன்மை. பாடங்களை வீடியோவாகப் பதிவு செய்யும் ஆசிரியர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: வீடியோவைச் சுருக்கிப் பதியும் உறுப்பு ஆர்எக்ஸ் 6400-இல் இல்லை, ஜிடிஎக்ஸ் 1650-இல் உண்டு.

பெட்டி ஒல்லியானதாயின், கார்டின் உயரத்தையும் அளத்தல் வேண்டும். இவ்வாறு ஆராய்ந்து வாங்குவோர்க்கு, எளிய விலைக் கார்டும் பழைய கம்ப்யூட்டரைப் பின்னும் சில ஆண்டுகள் பயன்படச் செய்யும்.