மூலமும் உரையும் காணொளியும்

கற்பித்தற் கலை காலந்தோறும் புதிய கருவிகளைத் துணைக்கொண்டு வளர்ந்து வந்துள்ளது. ஏடும் எழுத்தாணியும் அச்சுப்பொறிக்கு இடங்கொடுத்தன. கரும்பலகைக்குத் துணையாகப் படங்காட்டும் விளக்கு வந்தது. எமது காலத்தில் ஆசிரியர் பலர் கையாளுங் கருவி இலத்திரனியல் முன்வைப்பாகும். பவர்பொயின்ற் முதலிய மென்பொருள்களால் ஆக்கப்பட்ட படவில்லைகளைத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, அவற்றுக்கு வாய்மொழியாக விளக்கங் கூறுதல் இன்று பெருவழக்காயிற்று. அப் படவில்லைத் தொகுதியை, ஆசிரியர் நேரில் நில்லாதவிடத்தும் தானே பேசி விளக்குங் காணொளியாகப் பொறியைக் கொண்டு மாற்றுவது எங்ஙனம் என்பதும், அதனால் எமக்கு எய்தும் பயன் யாது என்பதும் இக் கட்டுரையில் ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சிக்கு எமது நாட்டின் அண்மைக்கால நிகழ்ச்சிகளே தக்க காரணமாகும். கொரோனாத் தொற்றினால் 2020 ஆம் ஆண்டு மார்ச் 13 ஆந் திகதி முதல் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் சூம் வழியாக நேரடி வகுப்புக்களை நடத்தினர். வட்ஸ்அப் குழுக்களிற் குறிப்புக்களையும் குரற்பதிவுகளையும் அனுப்பினர். கல்வியமைச்சின் குருகெதர நிகழ்ச்சி தமிழில் நேத்ரா தொலைக்காட்சி வழியே ஒளிபரப்பாயிற்று. பின்னர் 2022 இல் எரிபொருட் பஞ்சமும் மின்வெட்டும் சேர்ந்து வந்தன. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீடித்தது. மின்சாரம் அற்ற வேளையில் நிகழ்ந்த நேரடி வகுப்பு, அதனைத் தவறவிட்ட மாணவனுக்கு மீண்டு வாராது. பதிந்து வைத்த பாடமோ மின்சாரம் வந்தபின் எத்துணை முறையும் கேட்கத்தக்கது.

இவ்வுண்மையை உணர்ந்தும், தாமே காணொளி ஆக்கத் தொடங்கிய ஆசிரியர் பலர் இடைவழியிற் கைவிட்டனர். பதினைந்து நிமிடப் பாடமொன்றைத் தடுமாற்றமின்றிப் பேசிப் பதிவதற்கு அமைதியான அறை வேண்டும், நல்ல ஒலிவாங்கி வேண்டும், பொறுமையும் வேண்டும். திருவிழாக் காலத்திற் கோயில் ஒலிபெருக்கி எழுந்தாலும், ஒரு சொல் நா இடறினாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும். பகல் முழுதும் வகுப்பெடுத்துவிட்டு வீடு திரும்பும் ஆசிரியருக்கு இவ்வுழைப்புத் தாங்கற்பாலதன்று. இச் சுமையை இறக்குதற்கே பொறி துணைவருகின்றது.

படத்தையும் குரலையும் பொறியால் இணைக்கும் முயற்சி புதியதன்று. மேனாட்டுப் பாடசாலைகளில் முற்காலத்திற் படச்சுருளுடன் இசைத்தட்டொன்றை ஓடவிடுவர். தட்டில் மணியொலி கேட்குந்தோறும் ஆசிரியர் அடுத்த படத்துக்கு மாற்றுவார். பின்னர் அம் மணியொலிக்குப் பதிலாகச் செவிக்குப் புலப்படாத சைகையொன்றைப் பதிந்து, கருவியே படத்தை மாற்றும்படி செய்தனர். கணினிக் காலத்தில், றொபேட் காஸ்கின்ஸ் என்பவர் முன்னின்று உருவாக்கிய பவர்பொயின்ற் மென்பொருள் 1987 ஆம் ஆண்டில் மக்கின்ரொஷ் கணினிக்கென வெளிவந்தது; அதனை வெளியிட்ட நிறுவனத்தை அவ்வாண்டிலேயே மைக்ரோசொப்ற் நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. 2010 ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக முன்வைப்பொன்றைக் காணொளியாகச் சேமிக்கும் வசதி அம் மென்பொருளிலேயே உண்டு. ஆயினும் ஆசிரியர் தம் குரலைப் பதிந்து வையாராயின், படவில்லை ஒவ்வொன்றும் ஐந்து செக்கன் வீதம் ஊமைப் படமாக ஓடி மறையும். குரலுக்கு வழி செய்தலே எஞ்சியுள்ள பணியாகும்.

அப் பணி நான்கு படிகளாக நடைபெறும். பவர்பொயின்ற்றில் ஒவ்வொரு படவில்லைக்கும் கீழே ஆசிரியர் தமக்கென எழுதிக்கொள்ளத்தக்க குறிப்புப் பகுதி ஒன்றுண்டு. 2007 முதல் வழங்கும் பவர்பொயின்ற் கோப்பு, சிறு கோப்புக்கள் பலவற்றைச் சுருக்கிக் கட்டிய ஒரு பொதியாகும். அதனுட் படவில்லையும் அதற்குரிய குறிப்பும் வெவ்வேறு கோப்புக்களாக உள்ளன. எனவே பைதன் மொழியில் எழுதிய சிறு நிரலொன்று குறிப்புக்களை மாத்திரம் தனியே பிரித்தெடுத்தல் எளிது. இது முதற் படி. இரண்டாவதாக, விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் முதலிய மென்பொருளைக் கொண்டு படவில்லைகள் யாவும் அசையாப் படங்களாக மாற்றப்படும். மூன்றாவதாக, ஒவ்வொரு குறிப்பும் எழுத்தைப் பேச்சாக்கும் குரற்பொறியிடம் கொடுக்கப்பட்டு ஒலிக்கோப்பாக வெளிவரும். நான்காவதாக, எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருள், ஒலிக்கோப்பு எவ்வளவு நேரம் ஒலிக்குமோ அவ்வளவு நேரம் அதற்குரிய படத்தைத் திரையில் நிறுத்தி, அவ்வாறு கிடைத்த துண்டுகளை வரிசையாக இணைத்துவிடும். பேசப்படுஞ் சொற்கள் முன்னரே எழுத்தில் இருத்தலால், செவிப்புலன் குறைந்த மாணவருக்கு உதவும் அடிவரிகளையும் உடனெடுத்துக்கொள்ளலாம்.

இதன் அளவையும் நோக்குவோம். இருபது படவில்லைகள் கொண்ட பாடத்தில் ஒவ்வொன்றுக்கும் 75 சொற்கள் எழுதப்பட்டன என்றும், குரற்பொறி நிமிடத்துக்கு 100 சொற்கள் பேசும் என்றும் கொள்வோமாயின், படவில்லை ஒன்று 45 செக்கன் நிற்கும். முழுப் பாடமும் 15 நிமிடமாகும். படம் அசையாது நிற்பதனால் அதனை மிகச் சுருக்கிப் பதியலாம். ஒலியும் ஒளியுஞ் சேர்ந்து செக்கனுக்கு 200 கிலோபிற்று என அமைத்தால் முழுக் காணொளியும் ஏறத்தாழ 22.5 மெகாபைற்று மாத்திரமே ஆகும். பணங்கட்டி டேற்றாப் பெறும் ஏழை மாணவனுக்கு இச் சிறுமை பேருதவியாகும்.

இனி, இக் கட்டுரையின் தலையாய கருத்துக்கு வருவோம். பொறி இங்கே செய்வது இணைக்குந் தொழிலை மாத்திரமே. பாடத்தின் உயிர் குறிப்புப் பகுதியில் ஆசிரியர் எழுதும் எழுத்திலேயே உள்ளது. இதனைத் தமிழர் விளங்கிக்கொள்ளுதல் அரிதன்று. எமது இலக்கண மரபில் மூலம் என்றும் உரை என்றும் இரண்டு உண்டு. சூத்திரம் சுருங்கச் சொல்லும். உரை அதனை விரித்து விளக்கும். படவில்லை சூத்திரத்தை ஒத்தது. குறிப்பு உரையை ஒத்தது. காண்டிகையுரைக்கு நன்னூலார் கூறிய உறுப்புக்கள் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்பன. ஒரு படவில்லைக்கு உரை எழுதப் புகும் ஆசிரியர் இவ்வைந்தையும் மனத்திற் கொள்வாராயின் வேறு வழிகாட்டி வேண்டுவதில்லை. ஒளித்தொகுப்பைப் பற்றிய படவில்லையில் தாவரத்தின் படமும் ஒரு சமன்பாடும் இருக்குமாயின், உரை முதலில் அதன் கருத்தைக் கூறும். பின் ஒவ்வொரு குறியீட்டின் பொருளையும் சொல்லும். வீட்டு முற்றத்து வாழையை எடுத்துக்காட்டும். இரவில் என் நிகழும் என வினாவி விடை தரும்.

இதனை விடுத்து, படவில்லையில் எழுதியதையே குரற்பொறி திருப்பி வாசிக்கும்படி செய்தல் வீண் தொழிலாகும். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் றிச்சட் மேயர் பல்லூடகக் கல்வி பற்றி நடத்திய ஆய்வுகளும் இதனை வலியுறுத்துகின்றன. படமும் குரல் விளக்கமும் சேர்ந்தவிடத்து மாணவர் நன்கு கற்பர் என்றும், அக் குரல் விளக்கத்தையே திரையிலும் எழுத்தாக நிரப்பினாற் கற்றல் குன்றும் என்றும் அவர் கண்டார். இன்று யூரியூப்பில் மலிந்து கிடக்கும், வரிக்கு வரி வாசிக்கும் காணொளிகள் பயன்றராமைக்கு இதுவே காரணம். செவிப்புலன் குறைந்தோர்க்கான அடிவரி இதற்கு விலக்காகும். வேண்டுவோர் மாத்திரம் அதனைத் திறந்துகொள்வர்.

தமிழில் இம் முறையைக் கையாளுமிடத்துச் சில தனி இடர்கள் உள. முதலாவது எழுத்துரு பற்றியது. இலங்கைத் தமிழர் நெடுங்காலம் பயன்படுத்திய பாமினி எழுத்துரு, கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் கணினியினுள் ஆங்கில எழுத்துக்களாகவே சேமிக்கப்படுகின்றது. பாமினியில் ‘அம்மா’ என எழுதினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே கோப்பில் இருக்கும். குரற்பொறி அவற்றைக் கண்டு பிதற்றுமேயன்றி அம்மா என்னாது. ஆகவே பழைய குறிப்புக்கள் யாவற்றையும் முதலில் யுனிகோட்டுக்கு மாற்றுதல் வேண்டும். அதற்குரிய மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

இரண்டாவது இடர் ஒலிப்புப் பற்றியது. ‘பாடம்’ என்பதிலும் ‘பாரதி’ என்பதிலும் முதலெழுத்து ஒன்றேயாயினும் ஒலி வேறு. யாழ்ப்பாண வழக்கோ மேலும் ஒரு சிக்கலை உடையது. தமிழகத்தார் ‘டியூஷன்’ என எழுதுவதனை யாம் ‘ரியூசன்’ என எழுதி, ரகரத்தை ஆங்கில ஒலியோடு ஒலிக்கின்றோம். தமிழகப் பேச்சைக் கொண்டு பயிற்றப்பட்ட பொறி அதனை உள்ளவாறே ரகரமாக ஒலிக்க இடமுண்டு. எண்களுஞ் சுருக்கக் குறிகளும் இத்தகையனவே. கணிதப் பாடத்திற் குறியீட்டை அப்படியே விடாது, ‘எக்ஸின் வர்க்கம் சமன் ஒன்பது’ என வாய்ச்சொல்லாக எழுதுதல் வேண்டும். ‘க.பொ.த.’ என்பதனையும் முழுப் பெயராக விரித்தெழுதுதல் நன்று. சுருங்கக் கூறின், கண்ணுக்கு எழுதும் வழக்கத்தை விட்டுச் செவிக்கு எழுதப் பழகுதல் வேண்டும்.

குரலைப் பொறுத்தவரை எமது நிலை முன்னையிலும் நன்று. மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் குரற்சேவையில் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்னும் குரல்களும், இலங்கைத் தமிழுக்கெனத் தனியே சரண்யா, குமார் என்னும் குரல்களும் வைக்கப்பட்டுள்ளன. சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஹேமா மூர்த்தி தலைமையில் இந்திய மொழிகளுக்கான குரற்பொறி ஆராய்ச்சி நடைபெற்று வந்துள்ளது. இணையம் இல்லாதவிடத்தும் இயங்கும் ஈஸ்பீக் என்னும் இலவசப் பொறியும் தமிழ் பேசும். ஆயின் அதன் குரல் உலோகத் தன்மையது.

உரையை முதலில் எழுதிப் பின் காணொளி ஆக்கும் முறை பெருமளவிற் பயன்றந்ததற்கு மும்பாய் இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் ‘ஸ்போக்கன் ரியூட்டோரியல்’ திட்டம் சான்றாகும். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் தொடங்கிய அத் திட்டம், இலவச மென்பொருள்களைக் கற்பிக்கும் சிறு காணொளிகளை ஆக்கிற்று. ஒவ்வொரு பாடத்துக்கும் முதலில் இரு நிரல்கள் கொண்ட அட்டவணை எழுதப்படும். ஒரு நிரலில் திரையிற் காண்பதும், மற்றையதிற் பேசுவதும் இருக்கும். அவ்வுரை திருத்தப்பட்ட பின்னரே குரல் பதியப்படும். திரைக்காட்சியை மாற்றாது உரையை மாத்திரம் மொழிபெயர்த்துத் தமிழ் முதலிய மொழிகளிலும் குரல் சேர்த்தனர். அங்கே பேசியவர் மனிதரே, பொறியன்று. ஆயினும் உரை தனியே எழுத்தில் இருந்தமையாலேயே ஒரு பாடம் பல மொழிகளிற் பேச முடிந்தது.

இதிலிருந்து பெறப்படும் பாடம் யாதெனின், போற்றிக் காக்கவேண்டிய பொருள் படவில்லையும் உரையுமே. காணொளி அவற்றின் பதிப்பு மாத்திரமே. ஆறுமுக நாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவியபோது தமிழ் நூலுக்குக் கிடைத்த பெரும் பேறு, பிழை கண்டவிடத்து அடுத்த பதிப்பிலே திருத்த இயல்வதாகும். நேரே பேசிப் பதிந்த காணொளியிற் பிழை நேர்ந்தால் அது நேர்ந்ததே. பாடத்திட்டம் மாறினால் அக் காணொளி முழுதும் வீணாகும். உரையிலிருந்து பொறியால் ஆக்கிய காணொளியிலோ, ஒரு வரியைத் திருத்தி நிரலை மீண்டும் இயக்கினாற் சில நிமிடங்களிற் புதிய பதிப்பு ஆயத்தமாகும். ஓராசிரியர் எழுதியதனை அவர் இளைப்பாறிய பின் மற்றோராசிரியர் திருத்தலாம். இதனால் ஆசிரியரின் உழைப்பு முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஒலிவாங்கியின் முன் கழிந்த நேரம் எழுத்து மேசைக்கு மாறுகின்றது. அங்கே எழுதியது நிலைத்து நிற்கின்றது.

பொறிக்குரல் ஆசிரியரை அகற்றிவிடும் என அஞ்சுவாரும் உளர். அவ்வச்சத்தில் ஒரு பகுதி உண்மையே. வெண்பாவை ஓசை நயம்பட ஓதிக் காட்டுதலும், மாணவன் முகக்குறிப்புக் கண்டு விளக்கத்தை மாற்றுதலும் பொறிக்கு இயலாதன. செய்யுட் பாடங்களை ஆசிரியர் தம் குரலிலேயே பதிதல் தக்கது. அவ்வொலிக்கோப்பையும் அதே நிரல் உரிய படவில்லையோடு இணைத்துவிடும். ஆயின் ஆசிரியரே இல்லாத மாணவரை நினைத்தல் வேண்டும். யான் வெளிவாரியாகப் பயின்று பட்டம் பெற்றவன். அச்சிட்ட குறிப்பின் ஒரு வரிக்குப் பொருள் தேடி ஒருவாரம் அலைவது எத்தகையது என்பதனை வெளிவாரி மாணவர் நன்கறிவர். கணித, விஞ்ஞான ஆசிரியர் வாய்க்காத பாடசாலைகளிற் பயிலும் பிள்ளைகளின் நிலையும் அத்தகையதே. அவர்க்கு உரை வேண்டும். அது பொறிக்குரலில் வந்தாலும் வரவேற்கத்தக்கதே.

ஆகவே எமது கல்லூரிச் சமூகம் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவர் பைதன் மொழியைக் கற்கின்றனர். மேற்கூறிய நிரலை எழுதுதல் அவர்க்குச் சிறந்த பயிற்சியாகும். பாட ஆசிரியர் ஒவ்வொருவரும் தவணைக்கு ஒரு பாடத்துக்கேனும் படவில்லையும் உரையும் யுனிகோட்டில் எழுதிக் கல்லூரி நூலகத்தில் ஒப்படைக்கலாம். கடல் கடந்து வாழும் பழைய மாணவர் தத்தம் துறைக்குரிய உரைகளைப் பார்வையிட்டுப் பிழை களையலாம். நெல்லியடியில் எழுதப்படும் ஓருரை, ஆசிரியரற்ற வன்னிப் பாடசாலையொன்றின் மாணவனையும் சென்றடையும். கருவி கையில் உள்ளது. உரை எழுதுவோரே இனி வேண்டற்பாலர்.