ஆசிரியர் படிப்பும் பொருளியலும்: பெற்றோர் போடவேண்டிய ஆறு வருடக் கணக்கு

ஒன்ராறியோவில் வருமானவரிக் காலத்தில் எம்மவர்களின் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும்போது, கடைசியில் வரும் கேள்வி பெரும்பாலும் வரியைப் பற்றியதாக இருப்பதில்லை. "மகள் ரீச்சருக்குப் படிக்கப் போறாளாம். ஆறு வருசமாம். உண்மையோ?" என்பார் ஒருவர். "மகன் எக்கொனமிக்ஸ் எடுக்கப் போறான். உங்களைப்போல எக்கவுண்டன்ற் ஆகலாம்தானே?" என்பார் இன்னொருவர். வைத்தியம், பொறியியல் பற்றித் தெரிந்தளவுக்கு இந்த இரண்டு படிப்புகளைப் பற்றி எங்கள் வீடுகளில் தெரிவதில்லை. தெரியாததால் சில பெற்றோர் மறித்துவிடுகிறார்கள். சிலர் சரி என்று விட்டுவிட, பிள்ளை மூன்றாம் வருடத்தில் போய் முட்டிக்கொள்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்து விளக்க முயல்கிறேன்.

கல்லூரி என்ற சொல்

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. 'ரீச்சர்ஸ் கொலிஜ்' என்று இங்கே எல்லோரும் சொல்வது பல்கலைக்கழகங்களில் இருக்கும் கல்வியியல் பீடத்தை. அங்கேதான் பி.எட். எனும் கல்வியியல் இளமாணிப் பட்டம் கிடைக்கிறது. 'ஒன்ராறியோ கொலிஜ் ஒஃப் ரீச்சர்ஸ்' என்பது வேறு. அங்கே யாரும் படிப்பதில்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான உரிமம் வழங்கும் சபை அது. அதன் சான்றிதழ் இல்லாமல் அரச நிதியில் நடக்கும் பாடசாலைகளில் நிரந்தர ஆசிரியராக முடியாது. மூன்றாவது, செனெக்கா, சென்ரெனியல் போன்ற சமூகக் கல்லூரிகள். அங்கே இரண்டு வருட முன்பள்ளிக் கல்வி டிப்ளோமா உண்டு. அதை முடித்தவர் பாலர் வகுப்பில் ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்யலாம். நல்ல தொழில்தான். ஆனால் அந்த டிப்ளோமாவை மட்டும் வைத்து ஆசிரியர் சான்றிதழ் பெற முடியாது. "மகள் கொலிஜில ரீச்சருக்குப் படிக்கிறா" என்று யாராவது சொன்னால், இந்த மூன்றில் எது என்று கேட்டுத் தெளிவது நல்லது.

ஊரில் நடந்த ஒழுங்கும் இங்குள்ள ஒழுங்கும்

ஊரில் முதலில் நியமனம், பிறகு பயிற்சி என்பதே நாம் அதிகம் கண்ட வழக்கம். உயர்தரம் முடித்தவர் நியமனம் பெற்றுச் சில காலம் படிப்பித்துவிட்டு, கோப்பாய் அல்லது பலாலி ஆசிரியர் கலாசாலைக்குப் போய்ப் 'பயிற்றப்பட்ட ஆசிரியர்' ஆனார். பட்டதாரியும் நியமனத்துக்குப் பிறகுதான் பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்தார். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே பயிற்சியும் நடந்தது.

இங்கே ஒழுங்கு தலைகீழ். முதலில் ஒரு பட்டம், அதன்மேல் பி.எட்., பிறகு சான்றிதழ், அதற்குப் பிறகே வேலை. 2015 செப்டம்பருக்கு முன்னர் பி.எட். இரண்டு தவணைகள், அதாவது ஒரு கல்வியாண்டு. அந்த ஆண்டிலிருந்து அது நான்கு தவணைகளாகவும், வகுப்பறைப் பயிற்சி 40 நாட்களிலிருந்து குறைந்தது 80 நாட்களாகவும் உயர்த்தப்பட்டன. நான்கும் இரண்டும் ஆறு வருடம் என்ற கணக்கு இப்படித்தான் வந்தது. பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் கிடையாது.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் நிறுவனம் பி.எட்டை நிறுத்திவிட்டு முதுமாணிப் பட்டமாகவே ஆசிரியப் பயிற்சியைக் கொடுக்கிறது. யோர்க் பல்கலைக்கழகத்திலும் ஒஷாவாவில் உள்ள ஒன்ராறியோ ரெக்கிலும் பி.எட். உண்டு. கிங்ஸ்ரனில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு தவணைகளையும் இடைவெளி விடாமல் 16 மாதங்களில் முடிக்க வழி இருக்கிறது. இந்த வித்தியாசம் பணத்தில் எவ்வளவு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பொருளியல் கணக்கியல் அல்ல

எங்கள் தலைமுறையில் உயர்தர வர்த்தகப் பிரிவில் கணக்கியல், வர்த்தகம், பொருளியல் மூன்றும் ஒன்றாக வந்தன. அதனால் மூன்றும் ஒரே குடும்பம் என்ற எண்ணம் மனதில் பதிந்துவிட்டது. இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பொருளியல் பெரும்பாலும் சமூக விஞ்ஞானப் பக்கம் நிற்கிறது. ஆனால் அதன் உடம்பு முழுக்கக் கணிதம். சிற்றினப் பொருளியல், பேரினப் பொருளியல், புள்ளிவிபரவியல், பிறகு தரவுகளிலிருந்து எது எதற்குக் காரணம் என்று பிரித்தறியும் எக்கொனமெற்றிக்ஸ். 12ஆம் வகுப்பில் கல்குலஸைக் கைவிட்ட பிள்ளைக்கு இந்தப் பாதை மிகக் கடினம்.

பொருளியல் பட்டத்தோடு மட்டும் யாரும் சி.பி.ஏ. கணக்காளர் ஆக முடியாது. நிதிக் கணக்கியல், முகாமைக் கணக்கியல், கணக்காய்வு, வரி என்று முன்தேவைப் பாடங்கள் உண்டு. அவற்றைப் பட்டத்தோடு சேர்த்து எடுக்கலாம், பிறகும் எடுக்கலாம். பிறகு எடுத்தால் காலமும் பணமும் கூடும். பொருளியல் படித்தவர் போவது வங்கி, காப்புறுதி, அரச திணைக்களங்கள், தரவு ஆய்வு போன்ற இடங்களுக்கு. 'பொருளியலாளர்' என்ற பதவிப் பெயரோடு வேலை வேண்டுமென்றால் பெரும்பாலும் முதுமாணியும் தேவை.

இரண்டும் சந்திக்கும் இடம்

பொருளியல் படித்துவிட்டு ஆசிரியராகலாமா? ஆகலாம், ஆனால் முன்கூட்டியே திட்டமிடவேண்டும்.

ஒன்ராறியோவில் ஆசிரியர் பயிற்சி மூன்று தொகுதிகளாக நடக்கிறது. பாலர் வகுப்பிலிருந்து 6 வரை ஒன்று, 4 முதல் 10 வரை ஒன்று, 7 முதல் 12 வரை ஒன்று. நடுத்தொகுதிக்கு ஒரு பாடத்தில் தகைமை வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்கான கடைசித் தொகுதிக்கு இரண்டு பாடங்களில் வேண்டும். இவற்றையே 'ரீச்சபிள்' என்கிறார்கள். வழக்கமாக முதற்பாடத்துக்கு ஐந்து முழு ஆண்டுப் பாடநெறிகளும், இரண்டாவதற்கு மூன்று அல்லது நான்கும் முதற்பட்டத்திலேயே இருக்கவேண்டும். தொகை பீடத்துக்குப் பீடம் மாறும்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. உயர்நிலைப் பள்ளியில் பொருளியல் ஒரு விருப்பப் பாடம், கட்டாயமல்ல. ஆகவே பாடசாலைகளுக்குத் தனிப் பொருளியல் ஆசிரியர் தேவைப்படுவது குறைவு. பொருளியலை ஒரு ரீச்சபிளாக எல்லாக் கல்வியியல் பீடங்களும் எடுப்பதும் இல்லை. கணிதமோ கட்டாயப் பாடம். எனவே பொருளியல் எடுக்கும் பிள்ளைக்கு ஆசிரியராகும் எண்ணம் சிறிதளவாவது இருந்தால், முதல் வருடத்திலிருந்தே கணிதப் பாடநெறிகளைச் சேர்த்து எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டு வரட்டும். பொருளியலுக்கு எப்படியும் கணிதம் வேண்டும் என்பதால் இது பெரிய மேலதிகச் சுமையாக இராது. பிரெஞ்சு நன்றாக வருமென்றால் அதுவும் நல்ல இணை. நான்காம் வருடத்தில் விண்ணப்பிக்கும்போது இரண்டு பாடநெறி குறைகிறது என்று கண்டுபிடித்தால் ஒரு வருடம் போய்விடும்.

பணக் கணக்கு

செலவு என்றதும் பெற்றோர் பார்ப்பது கட்டணத்தை. ஒன்ராறியோ 2019இல் உள்ளூர் மாணவரின் கட்டணத்தை 10 வீதம் குறைத்துப் பல வருடங்கள் உயராமல் வைத்திருந்தது. அந்தக் காலத்தில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் கலைப் பிரிவுக் கட்டணம் வருடத்துக்கு ஏறத்தாழ 6,100 டொலர். நான்கு வருடத்துக்கு 24,400. அதே பல்கலைக்கழகத்தின் வணிகப் பட்டத்துக்கு மேல் வருடங்களில் இதன் இரண்டு மடங்குக்கும் அதிகம். பொருளியலை வணிகப் பட்டமாகவும் படிக்கலாம், கலைப் பட்டமாகவும் படிக்கலாம் என்பதால் இந்த வித்தியாசம் கவனிக்கத் தக்கது.

ஆனால் பெரிய செலவு கட்டணம் அல்ல. உயர்தரத்தில் பொருளியல் படித்தவர்களுக்கு 'அமையச் செலவு' ஞாபகம் இருக்கும். ஒன்றைத் தெரிவதால் நாம் கைவிடும் மற்றதன் பெறுமதி அது. முதற்பட்டத்தோடு ஒரு பிள்ளை வருடம் 45,000 டொலர் சம்பளத்துக்குப் போயிருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். பட்டம் முடிந்த நாளிலிருந்து பி.எட். முடிய 24 மாதம் எடுத்தால் கைவிட்டது 90,000. 16 மாதத்தில் முடித்தால் 60,000. ஊர் மாறி வாடகைக்கு இருந்து படிப்பதா, வீட்டிலிருந்து படிப்பதா என்று தீர்மானிக்கும்போது இந்த 30,000 டொலரையும் தாளில் எழுதிப் பாருங்கள்.

அடுத்தது சேமிப்பு. பிள்ளையின் கல்விச் சேமிப்புத் திட்டமான ஆர்.ஈ.எஸ்.பி.யில் வருடம் 2,500 டொலர் போட்டால் மத்திய அரசு அதற்கு 20 வீதம், அதாவது 500 டொலர் தரும். மொத்த எல்லை 7,200. 2004இலும் அதற்குப் பின்னும் பிறந்த, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, நாம் ஒரு சதமும் போடாமலே 2,000 டொலர் வரை கற்றல் உதவிப் பணம் உண்டு. கணக்குத் திறக்காததால் இதை இழக்கும் குடும்பங்கள் எங்கள் மத்தியில் இருக்கின்றன. நான் காண்பது என்னவென்றால், பலர் இந்தச் சேமிப்பை முதல் நான்கு வருடத்திலேயே தீர்த்துவிடுகிறார்கள். பி.எட்டுக்கும் அதை எடுக்கலாம். ஆறு வருடம் என்று தெரிந்தால் ஆறு பங்காகப் பிரித்து வையுங்கள்.

ஓசாப் எனும் மாகாணக் கல்வி உதவிக்குக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோதான் வேண்டும் என்பதில்லை. அகதியாக ஏற்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டவர் என்ற நிலை கிடைத்தவரும் விண்ணப்பிக்கலாம். கோரிக்கை இன்னும் தீர்க்கப்படாதவருக்கு அது இல்லை. அண்மையில் வந்த குடும்பங்கள் பிள்ளையின் படிப்புத் தொடங்கும் மாதத்தைத் தீர்மானிக்கும்போது இதை மனதில் வைக்கவேண்டும்.

வரவுப் பக்கமும் உண்டு. ஆசிரியர் சம்பளம் பகிரங்கமான அட்டவணைப்படி நடக்கிறது. தகைமைக்கு நான்கு தரங்கள், அனுபவத்துக்கு ஏறத்தாழ பத்துப் படிகள். நான்கு வருட ஹொனர்ஸ் பட்டம் மேல் தரத்துக்கு வழி திறக்கும். அந்தத் தரத்தின் உச்சப் படியில் சம்பளம் ஒரு இலட்சம் டொலரைத் தாண்டுகிறது. ஓய்வூதியத்துக்கு ஆசிரியர் தன் சம்பளத்தில் பத்து வீதத்துக்கு மேல் கட்டுகிறார், மறுபக்கமும் அதற்கு ஈடாகக் கட்டப்படுகிறது. வயதும் சேவைக்காலமும் சேர்ந்து 85 ஆனால் குறைப்பில்லாத ஓய்வூதியம். ஆறு வருடம் படித்து இதற்கா என்று கேட்பவர்கள், தனியார் வேலையில் இப்படி ஓர் ஓய்வூதியத்தைத் தாங்களே சேமித்துக் கட்ட எவ்வளவு வேண்டும் என்றும் கேட்டுப் பார்க்கவேண்டும்.

வெங்காய விலையும் ஆசிரியர் வேலையும்

"ரீச்சர்மாருக்கு வேலை இல்லை" என்று 2010ஐ ஒட்டிய வருடங்களில் எங்கும் பேச்சாக இருந்தது. அது பொய்யுமல்ல. பட்டம் முடித்தவர்கள் நிரந்தர வேலைக்கு வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். அதனால்தான் 2015இல் படிப்பை நீட்டியபோதே பி.எட். இடங்களையும் அரசு ஏறக்குறையப் பாதியாக வெட்டியது. சில வருடங்களில் நிலைமை மறுபக்கம் திரும்பிற்று. ஆசிரியர் போதாமல், படித்துக்கொண்டிருப்பவர்களுக்கே தற்காலிகச் சான்றிதழ் கொடுத்து வகுப்பில் நிறுத்தினார்கள். 2025இல் மேலதிக இடங்களுக்கு மாகாணம் பணம் ஒதுக்கியது.

இதைப் பொருளியலில் சிலந்தி வலைத் தேற்றம் என்பார்கள். எங்களுக்கு வெங்காயம் போதும். இந்தப் போகம் சின்ன வெங்காயம் நல்ல விலை போனால் அடுத்த போகம் எல்லாரும் வெங்காயம் நடுவார்கள். அறுவடையன்று விலை விழும். அதைக் கண்டு அதற்கடுத்த போகம் கைவிடுவார்கள், விலை ஏறும். நடும் நாளுக்கும் விற்கும் நாளுக்கும் இடையில் மாதங்கள் இருப்பதே காரணம். ஆசிரியர் படிப்பில் அந்த இடைவெளி ஆறு வருடம். 2012இல் வேலை இல்லை என்று மறிக்கப்பட்ட 18 வயதுப் பிள்ளை ஆறு வருடம் கழித்து, இடங்கள் வெட்டப்பட்டுப் போட்டி குறைந்துவந்த சந்தைக்குள் நுழைந்திருக்கும். இன்று "ஆசிரியருக்குத் தட்டுப்பாடு, உடனே போ" என்று தள்ளப்படும் பிள்ளையும் அதே மாதிரி வேறொரு சந்தையில்தான் போய் இறங்கும்.

ஆகவே இன்றைய வேலைச் செய்தியை வைத்துப் பிள்ளையை மறிக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். வகுப்பில் நிற்க விருப்பமா, கணிதம் கைவருமா, முதல் இரண்டு மூன்று வருடம் பதில் ஆசிரியராக இங்கொரு நாள் அங்கொரு நாள் ஓடப் பொறுமை உண்டா என்பவை சந்தையோடு மாறாதவை. அவற்றைப் பிள்ளையிடமே கேளுங்கள்.

10ஆம், 11ஆம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு என் யோசனை இது. கணிதத்தை 12ஆம் வகுப்பு வரை விடாமல் எடுக்கட்டும். போக விரும்பும் இரண்டு மூன்று கல்வியியல் பீடங்களின் ரீச்சபிள் பட்டியலை முதற்பட்டம் தொடங்கும் முன்பே எடுத்து, ஒவ்வொரு வருடமும் எடுத்த பாடநெறிகளை அதோடு ஒப்பிடட்டும். விதிகள் அரசோடு மாறுபவை என்பதால் விண்ணப்பிக்கும் வருடத்தின் விதியை மறுபடியும் பார்க்கவேண்டும். நீங்கள் ஆறு வருடத்துக்கான வரவு செலவை ஒரு தாளில் எழுதி, பிள்ளையோடு மேசையில் இருந்து பாருங்கள். தொகை தெரிந்த பிறகும் பிள்ளை ஆசிரியராகவே வரவேண்டும் என்று நின்றால், மறிக்க உங்களிடம் நல்ல காரணம் ஒன்றும் மிச்சமிராது.