ஒரே லிஸ்டுக்கு இரண்டு பெயர்

பைத்தானில் ‘ஆ = அ’ என்று எழுதினால் லிஸ்ட் நகலாகாது; ஒரே லிஸ்டுக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான். ஃபங்ஷனுக்கு அனுப்பும்போதும் இதே கதைதான். மாணவர் வரிசைப்படி உள்ள மதிப்பெண் லிஸ்டை உள்ளே சார்ட் பண்ணிட்டா, வெளியே ஒருத்தர் மார்க் இன்னொருத்தருக்குப் போயிடும். புரோகிராம் நிற்காது, தப்பான விடையை அமைதியா கொடுக்கும்.

அதனால், படிக்க மட்டுமே வாங்கும் இடத்தில் வகைக்குறிப்பை ‘லிஸ்ட்’ என்று போடாமல் ‘சீக்வென்ஸ்’ என்று போடுவேன். சீக்வென்ஸில் சார்ட், அப்பெண்ட் எதுவும் கிடையாது. மீறி எழுதினால், ஓட்டும் முன்பே மைபை போன்ற டைப் செக்கர் பிடித்துவிடும். பைத்தான் தானாக இந்தக் குறிப்பைச் சரிபார்ப்பதில்லை.

ஒன்று கவனிங்க: இது ஒருபக்கப் பூட்டுதான். வெளியே லிஸ்டை வைத்திருப்பவர் அதை மாற்றலாம். அதுவும் கூடாதென்றால், டியூபிளாக மாற்றி அனுப்புங்க.